மயிலாத்தா மாறாதிருக்க

எங்கள் ஊர் மில்லில் நான் வாலிபனாக இருந்தபோது ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. அது வென்றதா தோற்றதா என்பதைப் பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கொரு முறை கூடி விவாதித்து முடிவு சொல்வார்கள். வென்றது என்று சொன்னால் மயிலாத்தா என் மனைவி. தோற்றது என்று சொன்னால் எதிர்வீட்டுச் செம்மலையின் மனைவி.

இதில் குழப்பம் ஒன்றும் இல்லை. நாங்கள் எல்லாரும் அப்போது பதிலிகள். பதிலி என்றால் காலையில் மில் கேட்டில் போய் நிற்க வேண்டும். உள்ளே எவனாவது காய்ச்சலில் படுத்திருந்தால் அவனுக்குப் பதிலாக நமக்கு அன்றைக்கு வேலை. எவனுக்கும் காய்ச்சல் இல்லையென்றால் சோற்றுத் தூக்குப்போசியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அடுத்தவன் காய்ச்சலை நம்பிப் பிழைத்தோம். பதிலிகளை நிரந்தரமாக்கு என்பதுதான் போராட்டம். மயிலாத்தாவின் அப்பா, "நஞ்சப்பன் நிரந்தரமானா அவனுக்குப் பொண்ணு. இல்லாட்டி சைக்கிள் கடை செம்மலைக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அந்த நஞ்சப்பன் நான்தான். ஆகவே எல்லாமே முடிவைப் பொறுத்துப் போயிற்று.

வென்ற வருடங்களில் எனக்குப் பென்ஷன் உண்டு, கான்கிரீட் வீடு உண்டு, வலது கைச் சுண்டுவிரல் கிடையாது. நிரந்தரமானவனைத்தான் பஞ்சு அடிக்கும் மிஷினில் போடுவார்கள். தோற்ற வருடங்களில் விரல் இருக்கும், பென்ஷன் இருக்காது, கூரை தகரமாகிவிடும், நான் கடலை வறுத்து விற்பேன். விரல் வந்ததும் முதல் காரியமாகக் காது குடைவேன். அந்தச் சுகத்தைப் பென்ஷன்காரர்களிடம் சொன்னால் புரியாது.

செம்மலையும் பாவம்தான். வென்ற வருடங்களில் அவன் கட்டைப் பிரம்மச்சாரி. பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்வான். தோற்ற வருடங்களில் கொஞ்சம் சதை போடுவான்.

மயிலாத்தாவுக்கு ஒரு மகன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். ஆடி விவாதம் முடிந்ததும் போன் செய்து, "அம்மா, இந்த வருசம் அப்பா யாரு?" என்று கேட்டுக்கொள்வான். இனிஷியல் போட வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி மட்டும் வைத்துப் பழகிவிட்டான். நல்ல பையன். இரண்டு பேருக்கும் தீபாவளிக்குப் பனியன் அனுப்புவான்.

கூப்பிடும் முறையும் மாறும். வென்ற வருடத்தில் அவளுக்கு நான் மாமா, செம்மலை அண்ணன். தோற்ற வருடத்தில் அவன் மாமா, நான் அண்ணன். மில் சங்கு ஊதி முடிவு தெரிந்த நிமிடத்திலிருந்து அவளுக்கு ஒருநாளும் நாக்குப் பிசகியதில்லை. எனக்குத்தான் சில வருடம் அவள் "நஞ்சண்ணா, கடலை இருக்குதா?" என்று கேட்கும்போது பொட்டலம் மடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

விவாதம் நடப்பது ஆடி மாதம். மில்லை இடித்து அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் மண்டபம் சும்மா கிடக்கும். அறிஞர்கள் வந்து மணமேடையில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். பேராசிரியர் ஆரோக்கியநாதன் வென்ற கட்சி. டாக்டர் வசந்தாமணி தோற்ற கட்சி. ஊசி போடும் டாக்டர் அல்ல, படித்து வாங்கிய டாக்டர். நடுவில் தலைவர் சடகோபன். அவர் எந்தப் பக்கமும் சேராதவர். முக்கால்வாசி நேரம் தூங்குவார், அதனால் அந்த நடுநிலைமைக்கு எந்தப் பங்கமும் வந்ததில்லை.

பேராசிரியர் சொல்வார்: "கூலி ஏறினால் தொழிலாளி துணி வாங்குவான். துணி விற்றால் மில் ஓடும். மில் ஓடினால் இன்னும் ஆள் வேண்டும். ஆகவே போராட்டம் வென்றது."

டாக்டரம்மா சொல்வார்: "கூலி ஏறினால் முதலாளி மிஷின் வாங்குவார். மிஷின் வந்தால் ஆள் வெளியே போவான். வெளியே போனவனுக்கு ஏறின கூலியால் என்ன பிரயோஜனம்? ஆகவே தோற்றது."

இரண்டும் சரியாகத்தான் இருக்கும். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து இதையே சொல்கிறார்கள். மத்தியானம் ஊர் செலவில் தக்காளிச் சாதம். சாப்பிட்டதும் பேராசிரியருக்குக் கண் சொக்கும். அதனால் தோற்ற வருடங்கள் சற்று அதிகம். நான் ஒரு வருடம் சமையல்காரனைப் பிடித்து, சாதத்தைக் கொஞ்சமாக வை, காரத்தைக் கூட்டு என்று சொல்லிப் பார்த்தேன். பேராசிரியருக்கு வயிற்றுப்போக்கு. அந்த வருடமும் தோற்றது.

விவாதம் தொடங்குமுன் ஒரு சடங்கு உண்டு. தலைவர் எழுந்து, "மற்றவை மாறாதிருக்க" என்று சொல்லி, மாறக்கூடாத பொருள்களின் பெயர்களை உரக்கச் சொல்வார். மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால்தான் ஒன்று மாறுவதால் என்ன ஆகிறது என்று பார்க்க முடியும் என்பது அவர்கள் சாத்திரம். மில் காம்பவுண்டுச் சுவர், மில் சங்கு, தபால் பெட்டி, டிரான்ஸ்பார்மர், கிட்டாண் தோட்டத்து மாமரம். இப்படிச் சொல்லப்பட்டவை மாறுவதில்லை. மில்லை இடித்தவர்களால் அந்தச் சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்க்க முடியவில்லை. மாமரத்தில் அன்றைக்கு இருந்த காய்கள் இன்றைக்கும் காயாகவே தொங்குகின்றன. முதல் வருடம் தலைவர் இந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு செவலை நாய் வந்து நின்றது. அவர் கைநீட்டி அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். சொன்னதைத் திரும்பப் பெறும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அந்த நாய் இன்னும் அங்கேதான் படுத்திருக்கிறது. அதே வயது, அதே சொறி.

இதற்கிடையில் என்ன ஆயிற்று என்றால், சில வருடங்களுக்கு முன் எங்கள் தெரு நாலுவழிச் சாலையாகிவிட்டது. அது வேறு அறிஞர்கள் வேறு மண்டபத்தில் எடுத்த முடிவு. என் வீடு இக்கட்ட, செம்மலை வீடு அக்கட்ட, நடுவில் லாரிகள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக மேம்பாலம் வரை நடந்து சுற்றி வர வேண்டும். போன வருடம் தோற்றது என்று சங்கு ஊதியபோது மயிலாத்தா டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, கையில் காஸ் அடுப்போடு, மேம்பாலத்துக் கீழே முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டாள். நானும் செம்மலையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். யாருடைய மனைவி என்பது பாதி வழியில் இருந்ததால் இரண்டு பேரும் பிடிக்கலாமா கூடாதா என்று எங்களுக்குள் ஒரு தயக்கம்.

"எளவு, கையைக் குடுங்க ரெண்டு பேரும்" என்றாள். அப்போது அண்ணனும் சொல்லவில்லை, மாமாவும் சொல்லவில்லை.

இந்த ஆடி பிறந்ததும் அவள் டிரங்குப் பெட்டியைக் கட்டவில்லை. விவாதத்தன்று காலையில் செம்மலை வீட்டிலிருந்து கிளம்பி, கம்பை ஊன்றிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தாள். நாங்கள் இருவரும் பின்னால் வந்தோம். வழியில் செம்மலை கேட்டான்.

"நஞ்சா, இந்த வருசம் செயிச்சிருமா?"

"பேராசிரியருக்குச் சர்க்கரை வந்திருக்குதாம். சோறு கம்மியாத்தான் உண்பாரு."

"அப்ப செயிச்சிரும்" என்றான். குரலில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. எங்கள் வயதில் இரண்டுக்கும் ஒரே பெருமூச்சுதான்.

தலைவர் எழுந்து, "மற்றவை மாறாதிருக்க" என்று ஆரம்பித்தார். சுவர், சங்கு, தபால் பெட்டி என்று வந்து செவலை நாயில் முடித்தார்.

மயிலாத்தா முன்வரிசையில் எழுந்து நின்றாள். "சாமி, என்னையும் அதுல சேத்துங்க."

"எதுல?"

"மத்ததுல. அந்தச் சொவுரு, டேஞ்சர் போட்ட பொட்டி, நாயி. அதுங்க கூட."

டாக்டர் வசந்தாமணி கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நீங்க மத்தது கிடையாது. நீங்க விளைவு. போராட்டம் ஜெயிச்சா இவருக்கு மனைவி, தோத்தா அவருக்கு மனைவி. நீங்க மாறுறதை வச்சுத்தான் போராட்டத்துக்கு ஒரு பலன் இருந்துச்சுன்னே நாங்க சொல்றோம். உங்களை நிப்பாட்டிட்டா நாங்க எதைப் பாக்கறது?"

"அப்ப இத்தன வருசமா நான் ரோட்டத் தாண்டறதப் பாத்துட்டுத்தான் இருந்தீங்களா?"

"ஆராய்ச்சின்னா பாக்கணும்ல?"

"பாத்தீங்கல்ல, ஒரு கை புடிச்சிருக்கலாமல்ல?"

டாக்டரம்மா கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைக்க ஆரம்பித்தார்.

பேராசிரியர் கனிவாகப் பேசினார். "அம்மா, கொள்கை அளவில் நான் உங்க பக்கம். ஆனா மனுஷங்களை மாறாததுன்னு வச்சுக்கிட்டா அது பழைய பொருளாதாரக்காரங்க செஞ்ச தப்பு. தொழிலாளியைச் செங்கல் மாதிரி எண்ணினாங்க. அதை எதிர்த்துத்தான் நான் என் வாழ்நாள் முழுக்க எழுதிட்டு வர்றேன்."

"செங்கல்லு ஒரே எடத்துல இருக்குதுங்க சாமி. எனக்கு அது போதும்."

"அப்படிச் சொல்லக்கூடாது."

"நாயச் சேத்தியிருக்கறீங்க. நான் நாயவுடக் கேவலமாப் போயிட்டனா?"

மண்டபத்தில் எல்லாரும் நாயைப் பார்த்தார்கள். அது ஒரு காதைத் தூக்கிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. தலைவர் சடகோபன் முழுதாக விழித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் முழுதாக விழித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்கள் நல்ல பழுப்பு நிறம்.

"ஒண்ணு யோசிச்சுக்கோங்க" என்றார். "மாறாததுன்னு ஆயிட்டா எதுவும் மாறாது. முட்டிவலி சரியாகாது. சாவும் வராது. அந்த நாயைக் கேட்டுப் பாருங்க."

மயிலாத்தா கம்பின் மேல் இரண்டு கையையும் வைத்து யோசித்தாள். மின்விசிறி சுற்றியது.

"சாவு வராட்டிப் போகுது. உக்காந்துட்டு இருக்கலாமல்லோ?"

"இருக்கலாம்."

"அப்பச் சேத்துங்க."

"எந்த வீட்டுல மாறாம இருக்கணும்? அதைச் சொல்லிட்டா முடிஞ்சுது."

இந்தக் கேள்வியை எங்கள் மூன்று பேரிடமும் யாரும் இதுவரை கேட்டதில்லை. போராட்டத்தைக் கேட்பார்கள், கூலியைக் கேட்பார்கள், பஞ்சு விலையைக் கேட்பார்கள். செம்மலை தரையைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அந்தச் சமயத்தில் தோற்ற வருடத்து விரல் எனக்கு இருந்தது. அது தானாக மடங்கிக்கொண்டது. மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. வென்ற வருடங்களில் மாதம் பிறந்தால் அவளைச் சினிமாவுக்குக் கூட்டிப்போவேன். செம்மலை கூட்டிப்போனதாக எனக்குத் தெரிந்து இல்லை. அது ஒரு தேறுதல்.

மயிலாத்தா எங்களைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

"அவரு ஊட்டுலதானுங்க உக்கார்ற கக்கூசு இருக்குது. இவரு ஊட்டுல குத்தவைக்கோணும்" என்றாள்.

தலைவர் அவள் பெயரையும் செம்மலை வீட்டு விலாசத்தையும் சொல்லி, மாறாதவற்றில் நாய்க்கு அடுத்தபடியாகச் சேர்த்தார். சொன்ன மாத்திரத்தில் மின்விசிறிக் காற்றில் பறந்துகொண்டிருந்த அவள் சேலைத் தலைப்பு படிந்து நின்றுவிட்டது. ஆட்டோ வைத்து அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டோம். வாசலை ஒட்டின நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, "அப்பாடி" என்றாள். அவ்வளவு நீளமான அப்பாடியை நான் கேட்டதில்லை. திரும்பி வந்து மண்டபத்துக்குள் நுழையும்போதுகூட அது காதில் இருந்தது.

விவாதம் நடந்தது. பேராசிரியர் சர்க்கரைக்குப் பயந்து தக்காளிச் சாதத்தைக் கையால் தள்ளிவிட்டு மோர் குடித்தார். சாயங்காலம் வரை தெளிவாகப் பேசினார். குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதுவரை போனார். டாக்டரம்மாவுக்கு அன்றைக்கு ஏனோ குரல் எழும்பவில்லை. அவ்வப்போது கண்ணாடியைத் துடைத்தார். சங்கு ஒரே நீளமாக ஊதியது. வென்றது.

என் விரல் போயிற்று. பென்ஷன் வந்தது. மயிலாத்தா மறுபடி என் மனைவி, ஆனால் இருப்பது செம்மலை வீட்டில். நான் மேம்பாலத்தைச் சுற்றி நடந்து வீட்டுக்குப் போய்த் தலையணை, வெற்றிலைப் பெட்டி, இரண்டு வேட்டி, மகன் அனுப்பிய பனியன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, மறுபடி மேம்பாலத்தைச் சுற்றிச் செம்மலை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. இத்தனை வருடம் அவள் இதை டிரங்குப் பெட்டியோடு செய்தாள். நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால், "இப்பத்தான் தெரியுதாக்கும்" என்பாள்.

"வாங்க" என்றாள். "அவரு மெஸ்ஸுக்குக் கிளம்பறாரு. இங்கியே உண்ணட்டும்னு சொல்லுங்க. நான் சொன்னா அண்ணன்னு சொல்லணும், வாய் வர மாட்டீங்குது."

"செம்மலை, இங்கியே உண்ணு" என்றேன்.

"என்ற ஊட்டுல என்னைய உண்ணச் சொல்றதுக்கு நீ யாரு?" என்றான். பிறகு யோசித்துப் பார்த்து, "செரி, போடு" என்றான்.

மூன்று பேரும் சேர்ந்து உண்டோம். அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் பரிமாறினேன். நாலு விரலில் அப்பளம் எடுத்தால் நொறுங்கும். செம்மலை நொறுங்கினதைத் தன் இலையில் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் இரண்டாம் நாள் அமர்வு. வழக்கமாக அது அறிஞர்கள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதற்கான நாள். ஆனால் டாக்டர் வசந்தாமணி எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

"பதிலிகளை நிரந்தரமாக்கினதுக்கு ஒரு செலவு இருக்குது. அந்தச் செலவை முதலாளி சுமந்தாரா, துணி வாங்கினவங்க சுமந்தாங்களான்னு நாமெல்லாம் இத்தனை வருசமா எழுதினோம். நேத்துத்தான் எனக்குத் தெரிஞ்சுது. ஜெயிச்சாலும் தோத்தாலும் அந்தம்மா பொட்டி தூக்கிட்டு ரோட்டைத் தாண்டினாங்க. அந்தச் சுமைதான் கணக்கை நேர் பண்ணிட்டு இருந்துச்சு. இப்ப அவங்க நகர மாட்டாங்க. அப்ப வேற எதாச்சும் நகரணும்."

பேராசிரியர் ஆரோக்கியநாதன் கையிலிருந்த காகிதங்களை மடித்து வைத்தார். "ஒத்துக்கறேன்" என்றார்.

அவர்கள் இருவரும் ஒத்துப்போவது அதுதான் முதல் தடவை. தலைவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்குரிய சடங்கு எதுவும் அவர்களிடம் இல்லை.

"எது நகரும்?" என்று கேட்டார்.

"பெருசா எதாச்சும்" என்றார் டாக்டரம்மா. "இத்தனை வருசப் பாக்கி."

கூட்டம் கலைந்தது. அறிஞர்கள் மத்தியான பஸ்ஸுக்கே போய்விட்டார்கள். பஸ்ஸுக்குப் போகும் வழியில் டாக்டரம்மா செம்மலை வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி இறங்கி, மயிலாத்தாவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். முட்டிக்கு ஒரு களிம்பு கொடுத்தார். அது வேலை செய்யாது என்பது இருவருக்கும் தெரியும். தேய்த்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் விடிந்தபோது லாரிச் சத்தம் இல்லை. கதவைத் திறந்தேன். ராத்திரி முழுக்க பஸ்ஸில் போனால்தான் பார்க்க முடிகிற கடல், சாலை இருந்த இடத்துக்கு நகர்ந்து வந்து படிக்கட்டின் கீழே இருந்தது. அலை பெரிதாக இல்லை, காலைநேரத்துக் கடல். கிழக்கே கண்ணுக்கெட்டும் வரை தண்ணீர். செம்மலை பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தான். கொப்பளித்து அதிலேயே துப்பினான்.

ஒரு விசைப்படகு மெதுவாக வந்து படிக்கட்டை உரசி நின்றது. அதிலிருந்தவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "பெரியவரே, கயிறு கட்ட எடம் இருக்கா?" என்று கேட்டார்.

ஜன்னல் கம்பியைக் காட்டினேன். கட்டினார்.

மயிலாத்தா நாற்காலியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க" என்றாள். எங்களில் யாரை என்று தெரியாததால் நாங்கள் இருவருமே திரும்பினோம்.

"முள்ளு கம்மியா இருக்கற மீனாப் பாத்துக் கேளுங்க" என்றாள்.